நான்கு மூலையிலும் மஞ்சள்

ஆரணியில் நான் வளர்ந்த தெருவில் வேலை கேட்டு யாரும் கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை. பட்டுக் கடையாக இருந்தாலும் சரி, களம்பூர் அரிசி மில்லாக இருந்தாலும் சரி, யாரிடமாவது சொல்லி வைப்பார்கள். ஒருநாள் மாமாவோ மச்சானோ கூட்டிக்கொண்டு போய் முதலாளி முன்னால் நிறுத்துவார்கள். அவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாரு வூட்டுப் புள்ள?" என்பார். பதில் பிடித்திருந்தால் மறுநாளிலிருந்து வேலை. தன்னைப் பற்றித் தானே நாலு வரி நல்லதாக எழுதித் தபாலில் போடுகிறவனைக் கொஞ்சம் வெட்கம் கெட்டவன் என்றுதான் எங்கள் ஆட்கள் நினைத்திருப்பார்கள். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் ஒரு கவர் லெட்டர் தயார் செய்தேன். அதற்குப் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன.

நான் வேலை பார்த்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த பிரஸ்ஸில். பிளஸ் டூ முடித்து டைப்ரைட்டிங்கும் டி.டி.பி.யும் படித்திருந்தேன். தொண்ணூறுகளின் பாதியில் பிரஸ்ஸுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதன் முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். பில் புக், நோட்டீஸ் எல்லாம் அடிப்போம் என்றாலும் பிழைப்பு கல்யாணப் பத்திரிகையில்தான். பட்டு நெய்கிற ஊர்க்காரர்களுக்குப் பத்திரிகையிலும் பார்டர் வேண்டும், பார்டருக்குள் இன்னொரு பார்டர் வேண்டும், மூலைக்கு மூலை மாங்காய் வேண்டும். வெறும் இடம் மட்டும் இருக்கவே கூடாது. ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாக விட்டால், அங்கே யாரோ ஒரு சித்தப்பா பெயரை விட்டுவிட்டோம் என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

புரூப் பார்க்க ஒரு குடும்பமே வரும். வந்தவர்கள் பெயரைச் சேர்ப்பார்களே தவிர, ஒருவரும் ஒரு பெயரை எடுத்ததாகச் சரித்திரம் இல்லை. பெரிய மாமா பெயர் சின்ன மாமா பெயருக்கு ஒரு நூல் கீழே இறங்கிவிட்டால் போச்சு. "இன்னாம்மா இது, எங்க அண்ணன் இன்னா செத்தா பூட்டாரு?" என்று ஒரு அம்மா என்னைக் கேட்டே விட்டார். அத்தனை பெயரையும் ஒரே அட்டையில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லாமல் அடக்குவதுதான் என் வேலை. அதை நான் நன்றாகவே செய்தேன்.

எங்கள் முதலாளி ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர். அவருடைய மேஜை இழுப்பறையில் பைபிள் இருக்கும், மேஜை மேல் குழைத்த மஞ்சள் கிண்ணம் இருக்கும். ஒவ்வொரு கட்டுக்கும் மேலாக இருக்கும் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்த பிறகுதான் பார்ட்டி கையில் கொடுக்க வேண்டும். அது அந்தப் பிரஸ்ஸின் சட்டம். "நம்ம விசுவாசம் நம்மகிட்ட. அவங்க கல்யாணம் அவங்களுது. மஞ்சள் வெச்சிட்டியாம்மா?" என்பார். சர்ச் கல்யாணப் பத்திரிகைக்கும் முஸ்லிம் வீட்டுப் பத்திரிகைக்கும் தனி மேஜை போட்டிருந்தார், கை தவறி மஞ்சள் பட்டுவிடக் கூடாது என்று. மஞ்சள் வைப்பதும் என் வேலைதான். யாரோடாவது பேசிக்கொண்டே கட்டைவிரலால் நான்கு மூலையும் தொட்டு முடித்துவிடுவேன். பார்க்கக்கூடத் தேவையில்லை.

கல்யாணமாகி நாலு வருஷமாகியும் என் வீட்டுக்காரர் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டராக இருந்தார். நாலு சினேகிதர்களோடு ஒரு ரூம். நான் ஆரணியில் மாமியார், மாமனாரோடு இருந்தேன். மாமனாருக்குத் தறி. எங்களுக்கு மூன்று வயதில் ஒரு பெண். சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் அவர் வருவார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் திரும்பிப் போவார். அவர் சம்பளத்தில் மெட்ராஸில் வீடு பிடித்து மூன்று பேர் சாப்பிட முடியாது. எனக்கும் அங்கே ஒரு வேலை கிடைத்தால் முடியும். எனக்கு அந்த வேலை எதற்கு என்று கேட்டால் அவ்வளவுதான் பதில். முன்னேற்றம், எதிர்காலம் என்றெல்லாம் பெரிதாக ஒன்றும் நான் நினைக்கவில்லை. செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ ஒரு சாதாரண நாளில் அவர் வீட்டுக்கு வர வேண்டும், அது போதும்.

என் பெண்ணுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவள் கடிதம் எழுதவில்லை, செருப்பை ஒளித்தாள். ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவருடைய செருப்பு காணாமல் போகும். துணி மூட்டைக்குள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்று எங்கேயாவது இருக்கும். ஒருநாள் தறிக்குழிக்குள் போட்டுவிட்டாள். கால் மிதியைத் தேடிக் காலை இறக்கிய மாமனார் செருப்பை மிதித்துவிட்டு அலறினார். தறி இருக்கிற இடத்தில் செருப்பு படலாமா? மாமியார் குழியைக் கழுவி, தறிக்குச் சூடம் காட்டி, பேத்தி முதுகில் ஒன்று வைத்தார். அவள் அழவில்லை. "நைனா பஸ்ஸுக்குப் போவக் கூடாது," என்றாள். அவர் என்னைப் பார்க்காமல் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நாலு காசு சேந்ததும் கூட்டிகினு போவான்," என்று தெருவில் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்வார்கள். சேர்கிற காசெல்லாம் வாராவாரம் பஸ் டிக்கெட்டுக்குப் போகிறதே என்று ஒருத்தருக்கும் தோன்றாது. எனக்கு அந்த ஆறுதலைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

முதலில் வேலைக்கு எழுதிய கடிதங்களைப் பற்றி நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் ஒரு கடித வழிகாட்டி வாங்கினேன். அதில் வேலைக்கு எழுதும் ஆங்கிலக் கடிதம் ஒன்று இருந்தது. தங்கள் மேன்மை பொருந்திய நிறுவனத்தில் பணிபுரியும் பாக்கியத்தை வேண்டுகிறேன், நான் கடின உழைப்பாளி, நேர்மையானவன், நேரம் தவறாதவன் என்று போகும் அது. அதை அப்படியே அடித்து, பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றிப் போட்டேன். அடித்து முடித்துத் திரையில் பார்த்தால் பக்கம் மொட்டையாக இருந்தது. ஒரு டிசைன் ஆர்ட்டிஸ்ட் அனுப்புகிற கடிதம் இப்படியா இருப்பது? சுற்றிலும் கொடி பார்டர் கொடுத்தேன். என் பெயரை வளைந்த எழுத்தில் நடுவில் வைத்தேன். மேலே இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. பிள்ளையார் மட்டும்தான் பாக்கி. அவரையும் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பேப்பரில் பார்த்த விளம்பரத்துக்கெல்லாம் அதை அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. மாமியார் ஒருநாள் பாபினில் நூல் சுற்றிக்கொண்டே கேட்டார்: "லெட்டர் போட்டு யாருமா வேலை குடுக்கறான்? ஆள் வெச்சி சொன்னாத்தான் ஆவும். மெட்ராஸ்ல நமக்கு யாரு கீறாங்க?" யாரும் இல்லை. அதனால்தானே கடிதம்.

என் வீட்டுக்காரரிடமும் அந்தக் கடிதத்தில் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தேன். அடுத்த ஞாயிறு வந்தவர், ரூமிலிருந்த சினேகிதர் ஒருவரிடம் அதைக் காட்டியதாகச் சொன்னார். அந்த ஆள் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். பார்த்ததும் முதலில் கேட்டது, "முகூர்த்தம் எத்தினி மணிக்கு?" என்று. இவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். அதை வீட்டுக்கு வந்து என்னிடமே சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் மத்தியானம் வரைக்கும் அவரோடு பேசவில்லை. வாரத்துக்குக் கிடைக்கிற ஒரே ஒரு பகலில் பாதி அப்படிப் போயிற்று. சாயங்காலம் பஸ் நகர்ந்த பிறகு, அந்த ஆள் சொன்னது சரிதானே என்று தோன்றி இன்னும் கோபம் வந்தது.

அதன் பிறகு ஆபீஸ் கடிதங்கள் எங்கே கண்ணில் பட்டாலும் நின்று பார்க்க ஆரம்பித்தேன். பிரஸ்ஸுக்கு வரும் பேப்பர் கம்பெனிக் கடிதம், பேங்கிலிருந்து முதலாளிக்கு வரும் கடிதம் எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் வெள்ளை இடம்தான் அதிகம். மேலே நிறைய விட்டிருக்கிறார்கள், ஓரத்தில் விட்டிருக்கிறார்கள், ஒரு பத்திக்கும் அடுத்ததற்கும் நடுவில் விட்டிருக்கிறார்கள். விட்டுப்போன சித்தப்பாக்கள் ஒருத்தரும் வந்து சண்டை போடவில்லை. ஒரு மத்தியானம் சாப்பாட்டு வேளையில் கம்ப்யூட்டரில் என் கடிதத்தைத் திறந்து முதலில் குத்துவிளக்கை எடுத்தேன். பிறகு கொடியை எடுத்தேன். வளைந்த எழுத்தை நேராக்கி, நடுவில் இருந்ததை இடப்பக்கம் நகர்த்தினேன். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, தாலி, கம்மல் எல்லாம் கழற்றி வைத்துவிட்டு வெளியே கிளம்புகிற மாதிரி ஒரு கூச்சம். பார்டர் போனதும்தான் கடிதத்தில் விஷயமே இல்லை என்பது தெரிந்தது. கடின உழைப்பாளி, நேர்மையானவள். இதைத்தான் ஊரே எழுதும்.

அந்தச் சமயத்தில்தான் தமிழ் நாளிதழில் அந்த விளம்பரம் வந்தது. இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். மெட்ராஸில் பள்ளிக்கூடத்துக்கு நோட்ஸ் போடுகிற ஒரு பதிப்பகத்துக்கு லேஅவுட் ஆர்ட்டிஸ்ட் தேவை, கவர் லெட்டருடன் விண்ணப்பிக்கவும் என்று போட்டிருந்தார்கள். ஆபீஸ் இருந்தது அம்பத்தூரிலிருந்து ஒரே பஸ்ஸில் போகிற தூரம். அந்த விளம்பரத்தைக் கத்தரித்து என் பர்சில் வைத்துக்கொண்டேன். கடைசித் தேதிக்கு அதிக நாள் இல்லை.

தமிழில் புத்தகம் போடுகிறவர்களுக்கு எதற்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று வழிகாட்டியை மூடி வைத்தேன். இந்த முறை நான் என்ன செய்கிறேனோ அதை மட்டும் எழுதினேன். கடிதம் எனக்கு இன்னும் மனப்பாடம்.

'வணக்கம். நான் ஆரணியில் ஒரு பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறேன். ஒரு பத்திரிகையில் ஐம்பது பெயர்கூட வரும். யாருடைய பெயரும் யாருக்கும் கீழே இருப்பதாகத் தோன்றாமல் அவற்றை வைப்பது என் வேலை. ஒரே ஒருமுறை தவறான பெயரோடு அச்சாகிப் பத்திரிகை திரும்பி வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்துவிட்டே அச்சுக்குக் கொடுக்கிறேன். பாடப் புத்தக வேலை நான் செய்ததில்லை. கற்றுக்கொள்வேன்.'

அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதியிருந்தேன். 'என் கணவர் சென்னையில் இருக்கிறார், இந்த வேலை கிடைத்தால் நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருப்போம்.'

முதலாளியிடம் புரூப் பார்க்கக் கொடுத்தேன். நான் போய்விட்டால் நஷ்டம் அவருக்குத்தான். ஆனாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மற்ற புரூப்பைப் பார்க்கிற மாதிரியே பேனாவால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே படித்தார். திரும்பி வந்த பத்திரிகையைப் பற்றிய இடத்தில் நின்றார்.

"இத்த எதுக்குச் சொல்ற?"

"நடந்துச்சு இல்ல சார்."

"சரி, இருக்கட்டும்." கடைசி வரிக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்தார். "இது வேணாம்மா. இரக்கப்பட்டு வேலை குடுங்கன்ற மாதிரி கீது. உன் வேலையப் பாத்து குடுக்கட்டும்."

அவர் சொன்னது நியாயம்தான். வழிகாட்டிப் புத்தகத்திலும் குடும்ப விஷயம் எழுதக் கூடாது என்று போட்டிருந்தது. நான் அந்த வரியை எடுத்தேன். எடுத்த பிறகு பக்கம் இன்னும் அழகாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையில் நான் சொல்ல வந்தது அந்த ஒரு வரியைத்தான் என்பதால் மனசு ஆறவில்லை.

எங்கள் பிரஸ் பிரின்டர் பக்கத்தின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புக் கோடு போடும். பத்திரிகைக்கு அதிலிருந்து நேராக எடுப்பதில்லை, அச்சுக்கு வேண்டிய பிலிமை வெளிக் கடையில் எடுப்போம், அதனால் யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. வேலைக்கான கடிதத்தில் அந்தக் கோடு விழுந்தால் நன்றாகவா இருக்கும்? கடைசித் தேதிக்கு முந்தின நாள் அரை நாள் லீவு போட்டு, பிளாப்பியை எடுத்துக்கொண்டு வேலூர் போனேன். அங்கே நல்ல லேசர் பிரின்டர் இருந்த ஒரு கடையில், நல்ல தடித்த வெள்ளைப் பேப்பரில் எடுத்தேன். அவ்வளவு சுத்தமான ஒரு பக்கத்தை அதுவரை நான் செய்ததில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும், கடிதம் வைத்த பைல் மடங்கிவிடும் என்று அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

நேராகக் கூரியருக்குப் போயிருக்கலாம். கவர் பிரஸ்ஸில் இருந்தது. உள்ளே நுழைந்தால் ஒரே கூட்டம். ஒரு பெண் வீட்டுக்காரர்கள் பத்திரிகை வாங்க வந்து, நல்ல நேரம் முடிவதற்குள் கையில் வாங்க வேண்டும் என்று பறந்துகொண்டிருந்தார்கள். முதலாளி என்னைக் கண்டதும், "ஜல்தி, ஜல்தி, மஞ்சள் வெச்சிக் குடு," என்றார். பைலிலிருந்து கடிதத்தை எடுத்துக் கவர் பக்கத்தில் மேஜை மேல் வைத்துவிட்டுக் கட்டுகளுக்கு மஞ்சள் வைத்தேன். பெண்ணின் அத்தை, வேலூரில் மழையா என்று கேட்டார். இல்லை, நல்ல வெயில் என்றேன். கட்டுகளை எடுத்துக்கொண்டு அவர்கள் படியிறங்கினார்கள். முதலாளியின் குரல் கேட்டது.

"அடிப்பாவி, இன்னா பண்ணிட்ட?"

திரும்பிப் பார்த்தேன். என் கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் இருந்தது. ஒவ்வொரு மூலையிலும் என் கட்டைவிரல் ரேகையோடு, ஈரம் பளபளக்க, வெகு ஒழுங்காக வைத்திருந்தேன்.

என் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. ரப்பரால் தேய்த்தேன், பேப்பர் மயிர் கிளம்பியதே தவிர மஞ்சள் போகவில்லை. முதலாளி கட்டிங் மெஷினில் ஓரத்தை வெட்டிவிடலாம் என்று அளந்து பார்த்தார். மஞ்சளை வெட்டினால் நான் பார்த்துப் பார்த்து விட்ட ஓரமெல்லாம் போய், தெருவில் கொடுக்கிற பிட் நோட்டீஸ் அளவுக்கு வந்துவிடும். மறுபடி வேலூர் போக நேரமில்லை. கூரியர்காரர் மூட்டை கட்டுகிற நேரமாகிவிட்டது.

"நம்ம பிரின்டர்ல எடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"அந்தக் கோட்டோடயா சார்?"

அவர் மஞ்சளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கோடு விழுந்தா மெஷின் கெட்டுப் போச்சுன்னு நெனப்பாங்க. இது மஞ்சள்தானே, கெட்டது ஒண்ணும் இல்லியே. ஜெபம் பண்ணிட்டு அனுப்பிடு," என்றார்.

எனக்கு ஜெபம் பண்ணுகிற மனநிலை இல்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை யோசித்து, எவ்வளவு அலங்காரத்தைக் கழற்றி எறிந்து, ஆபீஸ்காரர்கள் கடிதம் போல ஒன்றைச் செய்து முடித்தேன்! கடைசியில் என் கையே அதைக் கல்யாணப் பத்திரிகை ஆக்கிவிட்டதே என்று ஆத்திரம். போகிறது போ என்று அதை மடித்துக் கவரில் போட்டு ஒட்டி, கூரியர் கடைக்கு ஓடினேன். வீட்டுக்காரரிடம் அந்த வாரம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. மாமியாரிடமும் சொல்லவில்லை.

பத்து பன்னிரண்டு நாள் கழித்துப் பிரஸ் போன் அடித்தது. முதலாளி எடுத்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆகி, ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, "மஞ்சள் வெச்சி லெட்டர் போட்டவங்க இருக்காங்களான்னு கேக்கறாங்கம்மா," என்றார்.

நேர்காணலுக்கு வீட்டுக்காரர் அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து, கீழே டீக்கடையில் நின்றுகொண்டார். ஆபீஸ் மாடியில். பதிப்பகத்தை நடத்துகிற அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மேஜையெல்லாம் புரூப் கட்டு. அதன் மேல் என் கடிதம் இருந்தது. காய்ந்து, மூலைகளில் கொஞ்சம் சுருங்கியிருந்தது.

"உட்காருங்க," என்றார். "விண்ணப்பம் எல்லாம் அந்தச் சாக்குல கிடக்குது, பாருங்க." மூலையில் ஒரு கோணிப்பை நிறையக் கவர்கள். "எங்க ஆபீஸ் பையன் உங்க கவரைப் பிரிச்சான். மஞ்சளைப் பாத்ததும் எங்கேயோ கல்யாணம்னு என் மேஜையில கொண்டாந்து வெச்சுட்டான். நானும் பொண்ணு பேரு என்ன, மாப்பிள்ளை பேரு என்னன்னு தேடிக்கிட்டே கடைசி வரைக்கும் படிச்சுட்டேன். இது யாருக்குக் கல்யாணம்?"

அவர் கேலியாகத்தான் கேட்டார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மஞ்சளை நினைத்து இத்தனை நாள் வெந்துகொண்டிருந்தவள் நான். பிரஸ் வழக்கத்தை விளக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"எனக்குத்தாங்க. கல்யாணம் ஆகி நாலு வருஷம் ஆவுது. இன்னும் குடித்தனம் ஆரம்பிக்கல."

சொன்ன பிறகு உடம்பெல்லாம் சுட்டது. எடுத்துவிட்ட அந்த வரி என் வாய் வழியாக வந்துவிட்டது. அந்த அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். அம்பத்தூர் என்றேன். இப்போது எங்கே என்றார். கீழே டீக்கடையில் என்றேன். எழுந்துபோய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பிறகு ஒரு பக்கம் கொடுத்துச் செய்யச் சொன்னார். ஆறாம் வகுப்புக் கணக்கு. தமிழ் வரிகள் சரியாக வந்தன, பின்னங்கள் காலை வாரிவிட்டன. மேலே உள்ள எண் ஒரு பக்கம், கீழே உள்ளது ஒரு பக்கம் என்று ஓடின. இது எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். "அதான் எழுதியிருந்தீங்களே," என்றார். கடைசியில் நான் செய்த பக்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தேன், பழக்க தோஷம். படிக்கும்போது, அவர்கள் கொடுத்த மூலத்திலேயே ஒரு கணக்கின் விடை விட்டுப்போயிருந்தது தெரிந்து பென்சிலால் குறித்துக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்தார். எப்போது வேலைக்கு வர முடியும் என்று கேட்டார்.

படியிறங்கி வந்தபோது வீட்டுக்காரர் கையில் காலி கிளாஸோடு நின்றிருந்தார். சொன்னேன். அவர் கிளாஸை வைக்க இடம் தெரியாமல் அதை என் கையிலேயே கொடுத்தார். மஞ்சளைப் பற்றி அப்போதுதான் அவரிடம் சொன்னேன். இந்த முறை இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம், ரோட்டில் நின்றுகொண்டு.

அம்பத்தூருக்குப் பக்கத்தில் ஒரு அறையும் சமையல்கட்டும் வாடகைக்குக் கிடைத்தன. குழந்தை பழகும்வரை மாமியார் கூட வந்தார். சொல்லி வைக்க ஆளில்லாமல் வேலை எப்படிக் கிடைத்தது என்று அவருக்குக் கடைசி வரை சந்தேகம்தான். பிரஸ் முதலாளி என்னை வழியனுப்பும்போது ஒரு கட்டு நல்ல வெள்ளைப் பேப்பர் கொடுத்தார். "மேசை மேல மஞ்சள் இல்லாம பாத்துக்கோ," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை குடிபோனோம். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அவருடைய செருப்பைக் காணோம்.

"நைனா எங்கியும் போவலடா. இனிமே இதான் நம்ம வூடு," என்று அவர் பாயில் படுத்துக்கொண்டே சொன்னார். அவள் நம்பவில்லை. பஸ் நேரம் தாண்டும்வரை வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை அவருக்கு ஷிப்ட், எனக்கு முதல் நாள் வேலை. வீடு முழுக்கத் தேடினோம், செருப்பு கிடைக்கவில்லை. என்ன கேட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. வீட்டுச் சொந்தக்காரம்மாவின் மகனிடம் ஒரு பழைய செருப்பை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு அவர் கிளம்பினார். அவள் அழவில்லை, டாட்டா காட்டவும் இல்லை. நான் போனால் சாயங்காலம் வருவேன் என்று அவளுக்குத் தெரியும், பிரஸ்ஸுக்குப் போய் வந்தவள்தானே. அவர் போனால் சனிக்கிழமைதான்.

சாயங்காலம் நான் முதலில் வந்தேன். அவள் வாசலை விட்டு உள்ளே வரவில்லை. மத்தியானத்திலிருந்து இப்படித்தான் நிற்கிறாள் என்றார் மாமியார். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் தெருமுனையில் அவர் தெரிந்தார். கையில் தூக்குச்சட்டி, காலுக்குப் பெரிதான இரவல் செருப்பு. அவள் ஓடவில்லை. அவர் பக்கத்தில் வரும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கும் வருவியா?"

"வருவேன்."

"நாளான்னிக்கு?"

"வருவேன்டா."

அவள் உள்ளே போனாள். சமையல்கட்டில் அரிசி டிரம் மூடியைத் தள்ளி, தோள் வரைக்கும் கையை விட்டு, ஒரு செருப்பை எடுத்தாள், பிறகு இன்னொன்றை எடுத்தாள். ஒட்டியிருந்த அரிசியோடு இரண்டையும் கொண்டுவந்து வாசற்படியில் ஜோடியாக வைத்தாள். மாமியார் "அய்யய்யோ, அரிசியில" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அந்த அரிசியை நாலைந்து தண்ணீரில் களைந்து சோறு வடித்தேன். ஒரு திங்கட்கிழமையில் அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.